வீட்டு வண்டிக்குப் பாயிண்டா, பெட்டியா

நிக்காஹ் பத்திரிகையின் ஓரத்தில் கத்தரித்த அட்டைப் பட்டையை அந்தக் கைகள் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகளின் நடுவே நுழைத்து இழுத்தன. வெளியே வந்த அட்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. பட்டையைத் திருப்பி நுழைத்து மறுபடி இழுத்தபோது கோடு மெலிந்தது. அடுத்த இழுப்பில் அட்டை வெள்ளையாகவே வந்தது. வலது கை, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜிலிருந்து ஒரு தகட்டைப் பிரித்து அந்த இடைவெளியில் செருகிப் பார்த்தது. தகடு வழுக்கிக்கொண்டும் போகக் கூடாது, முட்டிக்கொண்டும் நிற்கக் கூடாது. ஈரத் தலைமுடியில் சீப்பு இறங்குவதுபோல் லேசாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இடது கை திருகை ஒரு மயிரிழை தளர்த்தி, மறுபடி இறுக்கியது.

"இன்னா பாய், கண்ணாலப் பத்திரிகைய வெச்சு அழுக்கு எடுக்கிறியே, பொண்ணு வூட்டுக்காரங்க பார்த்தா சும்மா வுடுவாங்களா?" என்றார் பக்கத்தில் குந்தியிருந்த டிரைவர் வேதாசலம்.

"நல்ல அட்டைபா இது. மட்டமான பத்திரிகைன்னா நார் நாரா உரிஞ்சு உள்ளயே தங்கிப்புடும். பத்திரிகைய தொட்டுப் பார்த்தே பிரியாணி எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லுவேன்" என்றார் கைகளுக்குச் சொந்தக்காரரான கௌஸ் மைதீன்.

பழவேற்காட்டில் பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் பின்புறம் அவருடைய பட்டறை. மேலே ஓலை, பக்கங்களில் தகரம். அவருடைய அத்தா படகுகளுக்கு ஓட்டை அடைத்தவர். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவது அவர் வேலை. ஓர் ஆணியைக்கூடக் குங்கிலியத்தில் முக்காமல் மரத்தில் இறக்கமாட்டார். மகன் படகுப் பக்கம் போகாமல் ராயபுரத்தில் ஒரு பட்டறையில் சேர்ந்து, பார்த்தும் அடிபட்டும் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். காட்டூர் பக்கத்து விவசாயிகளின் மண்ணெண்ணெய் பம்பு செட்டு, மீன் வியாபாரிகளின் ஸ்கூட்டர், ஒன்றிரண்டு வாடகைக் கார் என்று வேலைக்குக் குறைவில்லை.

தொழில் மாறினாலும் அத்தாவின் குங்கிலியக் குவளை மட்டும் மாறவில்லை. ஏரிக் காற்றில் புது இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது; இன்றைக்கு மாட்டிய திருகு அடுத்த வருஷம் உளியால் வெட்டினால்தான் வரும். அதனால் மைதீன் எந்தத் திருகை மாட்டினாலும் முதலில் குவளையில் ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் மாட்டுவார். அவர் மாட்டிய திருகு எத்தனை வருஷம் கழித்தும் அலுங்காமல் கழன்று வரும். அந்தப் பேச்சு எளாவூர் செக்போஸ்ட் லாரிக்காரர்கள் வரைக்கும் போயிருந்தது.

இப்போது அவர் முன்னால் நிற்பது ஒரு ஜெர்மன் வேன். இன்ஜின் பின்னால் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே வந்த ஒரு தம்பதி அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, சென்னை வரை ஓட்டி வந்தார்கள். விமானத்தில் ஊர் திரும்பும்போது, ஏரிக்கரை ஊர்களில் பிரசவம் பார்க்கும் ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே விரித்தால் கட்டிலாகும் சீட்டு, கை பம்பு வைத்த தொட்டி, சின்ன அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் இருந்தன. வெள்ளைக்காரர்கள் டீ போட்ட அடுப்பில் நர்ஸ் சூசையம்மாள் ஊசி கொதிக்க வைத்தார். ஊரில் அதற்கு வீட்டு வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது. வலி எடுத்த பெண்ணை மாட்டு வண்டியில் குலுக்கிக்கொண்டு போவதற்கும், அந்தக் கட்டிலில் படுக்க வைத்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் உள்ள வித்தியாசம் ஏரிக்கரைப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

வண்டியில் ஒரே ஒரு குறை, பாயிண்ட். இன்ஜின் சுற்றும்போது அந்த இரண்டு பொட்டுகளும் ஒட்டிப் பிரிய வேண்டும். பிரியும் ஒவ்வொரு முறையும் பிளக்கில் ஒரு பொறி விழும். அதை மைதீன் கரண்ட் என்பார். எந்த ஊரிலும் பாயிண்ட் தேயும், கருகும். ஏரிக்கரையில் அது இன்னும் சீக்கிரம். வாடைக் காற்று வீசும் காலத்தில் விடியற்காலைப் பனி உப்போடு சேர்ந்து பொட்டுகளின் மேல் படியும். சாவியைத் திருப்பினால் இன்ஜின் இருமும், பிடிக்காது. வண்டி பழவேற்காட்டில் இருந்தால் மைதீன் அட்டையை நுழைத்து இழுத்துச் சரி செய்துவிடுவார். ஆனால் மழைக்காலத்தில் நர்ஸம்மா எளாவூர், சுண்ணாம்புக்குளம் பக்கம் போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அங்கே அட்டை பிடிக்க யாரும் இல்லை.

அந்த வருஷம், எண்பத்தொன்று சித்திரையில், ஸ்தாபனத்தைப் பார்க்க வந்த வெளிநாட்டு டாக்டர் ஒருவர் ஓர் அலுமினியப் பெட்டியைக் கொண்டுவந்தார். சோப்புக் கட்டி அளவு. முதுகில் மீன் செதில்போல வரிகள். அதிலிருந்து போகும் ஒயரின் முனையில், இன்ஜின் சுற்றுவதை உணரும் ஒரு சின்னக் கண். பாயிண்டைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணை வைத்தால் போதும், பொட்டும் இல்லை, உரசலும் இல்லை, தேய்மானமும் இல்லை.

மைதீன் பெட்டியை நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திறக்க வழியில்லை, உள்ளே பிசின் ஊற்றி மூடியிருந்தார்கள். படம் போட்ட தாளைப் பார்த்து ஒயர்களைக் கோர்த்தார். பெட்டியை இன்ஜின் அறைத் தகரத்தில் வைத்து, திருகுகளைக் குங்கிலியத்தில் முக்கி, பெட்டியின் அடியிலும் ஒரு பூச்சுப் பூசி இறுக்கினார்.

வேதாசலம் சாவியைத் தொட்டதும் இன்ஜின் பிடித்தது.

"அடி ஆத்தா! மந்திரப் பெட்டி பாய் இது" என்றார் வேதாசலம்.

சித்திரை போய் வைகாசி, ஆனி. வண்டி ஒரு நாள்கூட இருமவில்லை. மைதீனுக்குச் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் வெறிச்சென்றும் இருந்தது. வண்டி பட்டறை வாசலைக் கடந்து போகும்போது வேதாசலம் ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போவார்.

ஆடியில் தொந்தரவு ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு மதகின் மேல் குலுங்கியதும் இன்ஜின் நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். சற்று நேரத்தில் தானே கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுவந்தால் பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு நிற்கும். ஒரு குறையும் தெரியாது. ஒயர்களை எல்லாம் இழுத்துப் பார்த்தார், பொறிக்கு விசை கொடுக்கும் காயிலை மாற்றினார், பெட்ரோல் குழாயை ஊதினார். ஆவணியில், லோகநாயகி என்ற பெண்ணைக் காட்டூரிலிருந்து ஏற்றிக்கொண்டு போகும்போது வயல்களுக்கு நடுவே நின்ற வண்டி கிளம்பவே இல்லை. எதிரே வந்த டிராக்டரை மறித்து, அதன் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி அவளைப் பொன்னேரிக்குக் கொண்டுபோனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஆனாலும் சென்னையிலிருந்து ஸ்தாபனத்தின் செயலாளர் பூபதி வந்துவிட்டார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தாதவர்.

"நர்ஸம்மா, வழியில நிக்கிற வண்டி இல்லாத வண்டியைவிட மோசம். இல்லன்னு தெரிஞ்சா அவங்க வேற ஏற்பாடு பண்ணிக்குவாங்க. இந்த மழைக்காலம் பார்ப்போம். நோயாளியை வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை வழியில கெடந்துச்சுன்னா வித்துடலாம். புது வண்டி வாங்க நம்மகிட்ட வழி இல்ல" என்றார். பிறகு மைதீனைப் பார்த்து, "அந்தப் பெட்டியக் கழட்டிக் கட்டி வைங்க பாய். அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கறேன். டாக்டருக்கே திருப்பி அனுப்பிடலாம்" என்றார்.

பூபதி போன பிறகு சூசையம்மாள் பட்டறை வாசலில் இருந்த பலகையில் உட்கார்ந்தார்.

"பாய், வண்டி போச்சுன்னா மறுபடியும் நான் சைக்கிள்தான். சைக்கிள்ல நான் போயிடுவேன். வலியில கெடக்கறவள கேரியர்லயா வெச்சுக் கூட்டிட்டு வர முடியும்?"

மைதீன் பெட்டியைக் கழற்றினார். திருகுகள் வழவழவென்று வந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. பாயிண்டைத் திரும்ப மாட்டி, பத்திரிகை அட்டையால் துடைத்து, இடைவெளி வைத்தார். வண்டி நிற்காமல் ஓடியது. புரட்டாசி முழுக்க ஓடியது. ஆனால் ஐப்பசி மழை பிடித்து, வண்டி எளாவூர் பக்கம் போய்விட்டால் பாயிண்ட் எத்தனை நாள் தாங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பாயிண்ட் சொல்லிவிட்டுக் கெடும். பெட்டி சொல்லாமல் கெடும். எதை நம்பி நர்ஸம்மாவை அனுப்புவது?

கட்டி அனுப்புவதற்கு முன்னால் பெட்டியின் நோயைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தார். பாயிண்ட் உட்கார்ந்து சுற்றும் டிஸ்டிரிபியூட்டரில் பழையது ஒன்றைப் பலகையில் பொருத்தி, அதில் பெட்டியின் கண்ணை வைத்து, பாட்டரியும் காயிலும் பிளக்கும் கோர்த்தார். அதை விடாமல் சுற்ற ஒன்று வேண்டும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். மனைவி ஜைனம்பு ரவிக்கை தைக்கும் கால் மிஷினின் வாரை டிஸ்டிரிபியூட்டரில் மாட்டினார்.

"இன்னாங்க இது? தீபாவளிக்குத் தைக்க வேண்டியது மலையா கெடக்குது, இதுக்கு என்னா ஜாக்கெட்டா?"

"கொஞ்ச நேரம் மிதி ஜைனம்பு. நான் மிதிச்சா பிளக்கைப் பார்க்க முடியாது."

அவள் முணுமுணுத்துக்கொண்டே மிதித்தாள். பிளக்கில் நீலப் பொறி சடசடவென்று விழுந்தது. பெட்டியின் மேல் சுடுநீர்ப் பாத்திரத்தை வைத்துச் சூடேற்றினார், பொறி தவறவில்லை. பலகையைக் கையால் குத்தினார், தவறவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி மிதித்தாள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அந்தப் பெட்டி ஒரு பொறியைக்கூடத் தவறவிடவில்லை. நோயே இல்லாத பெட்டி.

"புடவையில மாட்டிக்கிட்டே இருக்குது இந்த ஒத்த ஒயரு. எதுக்கு இது? பெட்டியோட முதுகுலேர்ந்து பாட்டரிக்குப் போவுதே, வண்டியில இது எங்க இருக்கும்?" என்று கேட்டாள் ஜைனம்பு.

"வண்டியில இது வேணாம். பெட்டியோட ஒடம்புலேர்ந்து பாட்டரிக்கு ஒரு வழி வேணும், அதான் எர்த்து. இங்க மரப்பலகை, அதனால ஒயரு. அங்க தகரமே வழி. திருகு வழியா தகரத்துக்குப் போயி..."

மைதீன் நிறுத்தினார். அவளும் மிதிப்பதை நிறுத்தினாள்.

"போயி?"

அவர் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த அந்தத் திருகுகளை உள்ளங்கையில் கொட்டினார். பழுப்பாக, பளபளவென்று, மரைகளுக்கு நடுவே குங்கிலியம் நிரம்பியிருந்தது. அதே திருகுகளால் பெட்டியை ஒரு தகரத்தில் இறுக்கி, நடுவில் சோதனை பல்பைக் கோர்த்தார். பல்பு எரிந்தது. பெட்டியைக் கட்டைவிரலால் லேசாக அசைத்தார். அணைந்தது. இன்னொரு பக்கம் அசைத்தார். எரிந்தது.

புதிதாக இறுக்கியபோது திருகின் மரை எங்கேயோ தகரத்தைக் கீறிப் பிடித்திருக்கும். அந்தக் கீறலை நம்பிச் சில மாதம் ஓடியிருக்கும். இன்ஜின் சூட்டில் குங்கிலியம் இளகி, கீறலுக்குள்ளும் இறங்கி, பெட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே மின்சாரம் போகும் கதவைச் சாத்திவிட்டது. குலுங்கினால் அணையும், மறுபடி அசைந்தால் எரியும். பாயிண்ட் ஏன் தப்பியது என்பதும் புரிந்தது. வண்டி முழுக்க அவர் குங்கிலியம் தொடாமல் மாட்டும் திருகு பாயிண்டின் திருகு ஒன்றுதான், அடிக்கடி தளர்த்த வேண்டியது என்பதால். வயலுக்கு நடுவே லோகநாயகியை நிறுத்தியது பெட்டி இல்லை. துரு இல்லை என்று தான் திருப்திப்பட்ட அந்தப் பூச்சு.

மறுநாள் காலையில் நர்ஸம்மாவின் கிளினிக்குக்குப் போனார். சூசையம்மாள் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார்.

"நர்ஸம்மா, பெட்டி மேல தப்பு இல்ல. நான் மாட்டினதுலதான் தப்பு." திருகை மேஜைமேல் வைத்து விஷயத்தைச் சொன்னார். "படகுக்கு எது நல்லதோ அது இதுக்கு ஆகாது. எனக்கு அந்த யோசனையே வரல."

சூசையம்மாள் திருகை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் கோபம் வந்தது, போகக் கொஞ்ச நேரம் ஆனது.

"அந்தப் பொண்ணு டிராக்டர்ல கையப் புடிச்சுக்கிட்டு வந்தாளே, இன்னும் நகத் தழும்பு இருக்குது பாய் எனக்கு."

"இருக்கும்மா."

"இத நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"சொல்லலைன்னா பெட்டிய மறுபடி மாட்ட நீங்க ஒத்துக்கமாட்டீங்க. மழையில பாயிண்ட நம்பி உங்கள எளாவூருக்கு அனுப்ப எனக்குத் தைரியம் இல்ல."

"பெட்டிய நம்பி அனுப்பத் தைரியம் இருக்குதா?"

மைதீன் திருகைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "முக்கால்வாசி இருக்குது. மிச்சக் கால்வாசிக்கு ஒண்ணு செய்யணும். அதுக்கு வேதாசலம் ஒத்துக்கணும்."

இந்த முறை பெட்டி உட்காரும் இடத்தைத் தகரம் வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டினார். திருகை உலர்ந்தபடியே மாட்டினார். அதை மட்டும் நம்பாமல் பெட்டியின் உடம்பிலிருந்து இன்ஜின்வரை தடித்த ஒயர் ஒன்றையும் இழுத்தார். எல்லாம் இறுகிய பிறகு, வெளியே தெரிந்த திருகுத் தலைகளின் மேல் மட்டும் கிரீஸ் தடவினார். கை குவளைப் பக்கம் ஒரு தடவை தானாகவே போய்விட்டுத் திரும்பியது. பிறகு பாயிண்டை அதன் தட்டோடு, இடைவெளி வைத்து, துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார்.

வேதாசலத்துக்கு இது பிடிக்கவில்லை.

"நான் டிரைவரு பாய். மெக்கானிக் வேலைக்கு நீ இருக்கிறியே?"

"நான் சுண்ணாம்புக்குளத்துல இருக்கிறனா? கண்ணக் கழட்டு, தட்ட வை, ரெண்டு திருகு, ஒயர மாத்திக் குத்து. உம் பொஞ்சாதி தோச திருப்பற நேரம்கூட ஆவாது."

"அவ தோசை சுட்டு நீ பார்த்ததில்ல. அடுப்பு அணைஞ்சிரும்."

ஆனாலும் செய்தார். முதல் தடவை திருகைக் கீழே தவறவிட்டார். அடுத்த தடவை தட்டைத் திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் தினமும் மாற்றி மாற்றிப் பழகி, கடைசியில் பீடி வாயில் இருக்க, பேச்சையும் நிறுத்தாமல் மாற்றினார்.

பூபதி பெட்டியை வாங்க வந்தபோது அது வண்டியிலேயே இருந்தது. சூசையம்மாளே காரணம் சொன்னார். பூபதி மைதீனை ஒரு தரம் பார்த்தார்.

"நான் சொன்ன பேச்சு சொன்னதுதான் நர்ஸம்மா. மழை முடியட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஐப்பசியில் வண்டி புறப்பட்டுப் போனது. மழை அந்த வருஷம் கொஞ்சமாகப் பெய்யவில்லை. பட்டறைக்குள் தண்ணீர் வந்தது. எளாவூர் பக்கமிருந்து வரும் லாரிக்காரர்களிடம் மைதீன் வேறு எதையாவது விசாரிப்பதுபோல வீட்டு வண்டியை விசாரிப்பார். "ஓடுது பாய், பார்த்தேன்" என்பார்கள். எந்த நாள் பார்த்தார்கள் என்று கேட்டு நச்சரிக்கமாட்டார்.

மார்கழி முடிவில் வண்டி சேறும் சகதியுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்றது. பூபதியும் அன்றைக்கு வந்திருந்தார்.

"எங்கயாவது நின்னுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுச்சு" என்றார் சூசையம்மாள். மைதீன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "சுண்ணாம்புக்குளத்துக்கு இந்தப் பக்கம், நல்ல மழை. உள்ள ஒரு பொண்ணு, வலி எடுத்து. வேதாசலம் கோணிய தலையில போட்டுக்கிட்டு இறங்கினாரு. நான் அவளுக்கு முதுகு தேய்ச்சு வுட்டுட்டு, ஏன் நின்னுச்சுன்னு கேக்கலாம்னு திரும்பறேன், வண்டி கிளம்பிடுச்சு. அவளுக்கு வண்டி நின்னதே தெரியாது."

"பெட்டி போயிடுச்சா?" என்றார் மைதீன்.

"பெட்டிக்கு ஒண்ணும் இல்ல நைனா. கண்ணுலேர்ந்து வர்ற ஒயரு தகரத்துல ஒரசி ஒரசி அறுந்துபோச்சு. டப்பாவ தொறந்து தட்ட மாட்டினேன். அப்புறம் இங்க வர்ற வரைக்கும் பாயிண்ட்லதான். நாலு நாளா காலையில இருமுது" என்றார் வேதாசலம்.

பூபதி பின்பக்கம் போய் இன்ஜின் அறையைக் குனிந்து பார்த்தார். என்ன பார்த்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நிமிர்ந்து, "நோயாளியோட வழியில கெடக்கக் கூடாதுன்னு சொன்னேன். கெடக்கலையே" என்றார். "வண்டி இருக்கட்டும். பாய், அந்த ஒயர ஒழுங்கா பண்ணிக் கொடுங்க."

மைதீன் அறுந்த இடத்தைச் சீவி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். சைக்கிள் வால்வு டியூபை அதன்மேல் இழுத்துவிட்டு, தகரத்தின் விளிம்பைத் தொடாத வழியாக ஒயரைக் கொண்டுபோய்க் கட்டினார். கண்ணைத் திரும்ப மாட்டினார். கழற்றிய பாயிண்டைத் துடைத்து இடைவெளி பார்த்துவிட்டு, வேதாசலத்திடம் கொடுத்து அவரையே சுற்றி வைக்கச் சொன்னார். இன்ஜினை ஓடவிட்டு, கட்டிய ஒயரையும் எர்த் ஒயரையும் விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். சத்தம் மாறவில்லை. இன்ஜின் மூடியைச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்து சூசையம்மாளின் கையில் கொடுத்தார்.